இசை கேள்வி – பதில்: புக்லியேசேயும் 'யும்–பா'வும்

கே: அர்ஜென்டினாவின் டாங்கோ இசை என்றாலே இசையமைப்பாளர் பியாசோல்லா பெயர்தான் அடிபடுகிறது. அவருக்கு முன்னால் யாரைக் கேட்கலாம்?
– வாசகர், மதுரை

ப: ஒரே ஒருவர் என்றால் ஒஸ்வால்தோ புக்லியேசே. பியானோ கலைஞர், இசையமைப்பாளர், இசைக்குழுத் தலைவர். 1905 டிசம்பர் 2-ல் புவெனோஸ் ஐரிஸ் நகரின் வில்யா கிரெஸ்போ பகுதியில் பிறந்தார். அப்பா காலணித் தொழிலாளி, புல்லாங்குழலும் வாசிப்பார். பையன் பதினைந்து வயதிலேயே காபிக்கடையில் வாசிக்கப் போய்விட்டான். மௌனப் படங்களுக்கும் வாசித்தான்.

'ரெகுவெர்தோ' அவர் இளவயதில் எழுதியது. உரிய வயது வராததால் அது முதலில் அப்பா பெயரில்தான் வெளிவந்தது. 1926-ல் ஹூலியோ தெ காரோவின் ஆறுபேர் குழு அதை இசைத்தட்டில் பதித்தது. அதன் கடைசிப் பகுதியில் பந்தோனியோன்கள் (பட்டன் வைத்த துருத்தி வாத்தியங்கள்) பொழியும் அதிவேக ஸ்வரங்கள் இன்றும் அந்த வாத்தியக்காரர்களுக்குப் பரீட்சை.

சொந்தக் குழு அமைந்து நிலைத்தது 1939 ஆகஸ்ட் 11-ல், கொரியென்தெஸ் வீதியிலிருந்த கஃபே நசியோனாலில். முதல் இசைத்தட்டு 1943-ல்தான். கேட்க ஆரம்பிக்கிறவர்கள் இந்த வரிசையில் போகலாம்: 'ரெகுவெர்தோ' (அவர் குழுவின் 1944 பதிவு), 'லா யும்பா' (1946), 'நெக்ராச்சா' (1948), 'மலாந்ராகா' (1949). 'நெக்ராச்சா'வை முதலிலேயே போட்டால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். அது காது பழகியவர்களுக்கானது.

கே: 'யும்பா' என்றால் என்ன பொருள்? கீபோர்டில் அதை எப்படி வாசிப்பது? நான் வாசித்தால் பேண்டு வாத்திய அணிவகுப்பு மாதிரி இருக்கிறது.
– கீபோர்டு மாணவி, கோவை

ப: பொருள் ஒன்றும் இல்லை, அது குழு எழுப்பும் சத்தத்தின் பெயர். அந்த ஊர் உச்சரிப்பில் 'ஷும்பா' என்றே ஒலிக்கும். நம் சொல்கட்டு போல முதலில் வாயால் சொல்லிப் பழகுங்கள். நான்கு அடியில் 1, 3 'யும்'. 2, 4 'பா'. 'யும்' முழுக் குழுவும் அழுத்தி இறங்கும் இடம். 'பா' பியானோவின் அடி மூலையில் இருட்டாக விழும் ஒரு தட்டு.

உங்கள் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்: நான்கு அடியையும் ஒரே பலத்தில் அடிக்கிறீர்கள். 'பா'வின் பலத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

அடுத்தது 'அர்ராஸ்த்ரே', அதாவது இழுவை. 'யும்' சட்டென்று தொடங்குவதில்லை; அரை அடி முன்பிருந்தே இழுபட்டு வந்து விழுகிறது. இடது கையில் மூன்று நான்கு அடுத்தடுத்த அரைச் ஸ்வரங்களைக் கீழிருந்து மேலாகச் சறுக்கி, அடியில் வந்து நில்லுங்கள். சறுக்கலின் தொடக்கம் காதில் விழவே கூடாது. பலம் போகப் போக ஏறி, அடி விழுந்ததும் வெட்டினாற்போல் நிற்க வேண்டும். பெடலை மிதித்தபடி வாசித்தால் எல்லாம் சகதியாகிவிடும். காலை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: 61 கட்டை கீபோர்டில் அந்த அடித்தள ஸ்வரங்கள் கிடையாது. ஆக்டேவ் பட்டனை ஒரு படி கீழே இறக்கிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 80 அடியில் ஆரம்பித்து, இழுவை நழுவாமல் வந்த பிறகு 110-க்கு ஏறுங்கள். மெட்ரோனோம் இதற்கு மட்டும்தான். ராகம் பாடும் பகுதிகளில் புக்லியேசே குழு வேகத்தைத் தாராளமாக இழுத்து நீட்டும். அங்கே மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள்.

கே: அவர் சிறையில் இருந்தபோது பியானோ மேல் ரோஜா வைத்துக் கச்சேரி நடந்ததாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: ரோஜா இல்லை, சிவப்பு கார்னேஷன். 1936 முதல் அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். அதனால் வானொலித் தடையும் சிறையும் பலமுறை வந்தன. அவர் இல்லாத நாட்களில் குழு மேடையேறியது; பியானோ மேல் பூ இருந்தது.

தலைவர் இல்லாமல் குழு கலையாததற்குக் காரணம் உண்டு. அது கூட்டுறவு முறையில் நடந்தது. வருமானம் ஆளுக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கில் பிரிந்தது. உறுப்பினர்களே இசைக்கோவையும் எழுதினார்கள். 'லா போர்தோனா' வயலின்காரர் எமிலியோ பால்கார்செ எழுதியது. பந்தோனியோன் வரிசைக்கு ஒஸ்வால்தோ ருஜ்ஜியேரோ முதுகெலும்பு. புக்லியேசேயின் பியானோ பல இடங்களில் பின்னால் ஒதுங்கி நிற்பதை இந்தப் பின்னணியோடு கேட்டுப் பாருங்கள்.

தலைவர் சிறையில் இருந்தபோதும் கலையாத குழு, 1968-ல் உடைந்தது. ருஜ்ஜியேரோ, பால்கார்செ, பாடகர் ஹோர்ஹே மாசியேல் உள்ளிட்ட முக்கியமானவர்கள் விலகி 'செக்ஸ்தெத்தோ டாங்கோ'வைத் தொடங்கினார்கள். புக்லியேசேவுக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. மொசாலினி, பினெல்லி போன்ற இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கட்டினார். புதிய குழுவின் ஒலி பழையதைவிடக் கனம். எனக்குப் பிடித்தது நாற்பதுகளின் குழுதான்.

கே: பந்தோனியோன் நம் ஆர்மோனியம் போன்றதா?
– வாசகர், சேலம்

ப: துருத்தியும் உலோக நாக்குகளும் பொது, மற்றபடி வேறு. ஜெர்மனியில் பிறந்த வாத்தியம். டாங்கோவில் வழங்கும் வகைக்கு 71 பட்டன்: வலக்கைக்கு 38, இடக்கைக்கு 33. ஒரே பட்டன் துருத்தியை விரிக்கும்போது ஒரு ஸ்வரமும் மூடும்போது பெரும்பாலும் வேறு ஸ்வரமும் தரும். அதாவது பட்டன் வரிசையையே இரண்டு தடவை மனப்பாடம் செய்ய வேண்டும்.

கே: இசைக்கலைஞர்கள் அவரைக் கும்பிடுகிறார்களாமே?
– வாசகி, திருச்சி

ப: வேடிக்கையாகத்தான். அர்ஜென்டினாவில் மேடைக்குப் போகுமுன் கெட்ட நேரம் விலக 'புக்லியேசே, புக்லியேசே, புக்லியேசே' என்று மூன்று முறை சொல்கிறார்கள். 'புனித புக்லியேசே' படம் போட்ட அட்டைகளும் உண்டு. ஒரு கம்யூனிஸ்டுக்கு இந்தப் பதவி! 1985 டிசம்பர் 26-ல், எண்பது வயதில், கொலோன் ஓபரா அரங்கில் வாசித்தார். 1989-ல் ஆம்ஸ்டர்டாமில் பியாசோல்லாவுடன் ஒரே மேடை. 1995 ஜூலை 25-ல் மறைந்தார். புவெனோஸ் ஐரிஸ் சுரங்க ரயிலின் பி தடத்தில் மலாபியா நிலையத்தின் பெயரோடு இப்போது அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது.