கேளுங்கோ, சொல்லுறன்: பழைய கேம், புது விண்டோஸ்

போன இதழில் அலுமாரியில் கிடக்கும் பழைய சீடிகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கேம் பற்றியவை. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்பது தாண்டியவர்கள், எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகையால் இந்த முறை முழுக்கக் கேம்தான். பிரிண்டர் கேள்வி கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுங்கோ.

கேள்வி: எங்கள் விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரின் மதர்போட் போய்விட்டது. அதிலிருந்த 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'வைப் பென்ட்ரைவில் எடுத்து வைத்திருந்தேன். மகனின் விண்டோஸ் 11 லப்டொப்பில் போட்டால், இந்தக் கணினியில் இது ஓடாது என்று மட்டும் சொல்கிறது. பழைய விண்டோஸ் போல நடிக்க வைக்கும் கொம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 95 என்று போட்டும் பார்த்தேன். கேம் பழுதாகிவிட்டதா? (இணுவில் வாசகர்)

பதில்: ஐயா, கேமில் ஒரு பழுதும் இல்லை. லப்டொப்பிலும் இல்லை. அந்தக் கேம் முதலில் 1989இல் அப்பிள் 2 கணினிக்கு வந்தது, அடுத்த வருடம் டொஸ்சுக்கு, அதாவது விண்டோசுக்கு முந்திய, கட்டளை எழுதி ஓட்டும் முறைக்கு, வந்தது. உங்களிடம் இருப்பது அந்த டொஸ் பதிப்பு, 16 பிட் காலத்துச் சாமான். (பிட் எண்ணிக்கை என்றால் புரொசெசர் ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவு.) எக்ஸ்பி போன்ற 32 பிட் விண்டோஸ் தனக்குள்ளேயே ஒரு பொய் டொஸ்சை உருவாக்கி, பழைய கேமை அதற்குள் இருத்தி ஏமாற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் புரொசெசரின் ஒத்தாசை வேண்டும். 64 பிட் முறையில் ஓடும்போது புரொசெசர் அந்த ஒத்தாசையைத் தராது. விண்டோஸ் 11இல் 64 பிட்டைத் தவிர வேறு பதிப்பே இல்லை. கொம்பாட்டிபிலிட்டி மோடில் எந்த வருடத்தைத் தெரிவு செய்தாலும் இது மாறாது. அது 32 பிட் புரோகிராம்களுக்கான மருந்து, இந்த நோய்க்கு வேலை செய்யாது.

உங்களுக்கு வேண்டியது டொஸ்பொக்ஸ். இலவசம், 2002இலிருந்து இருக்கிறது. விண்டோசிடம் உதவி கேட்காமல், ஒரு பழைய கணினியை, அதன் சவுண்ட் கார்ட் உட்பட, தானே நடித்துக் காட்டும். கட்டளை எழுதிப் பழக்கம் இல்லாவிட்டால் பரவாயில்லை. கேம் ஃபோல்டரை சி டிரைவில் வையுங்கள். ஃபோல்டரின் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும், டொஸ் அதற்கு மேல் அறியாது. உள்ளே இருக்கும் 'பிரின்ஸ்' என்ற எக்ஸி ஃபைலை மவுசால் பிடித்து இழுத்து, டெஸ்க்டொப்பில் உள்ள டொஸ்பொக்ஸ் ஐகனின் மேல் போட்டுவிடுங்கள். அவ்வளவுதான். ஆல்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை. மவுஸ் காணாமல் போனால் பயப்பட வேண்டாம், கன்ட்ரோலும் எஃப்10உம் அழுத்துங்கள், திரும்பி வரும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 60 நிமிடத்துக்குள் இளவரசியை ஒரு தடவையும் மீட்டதில்லை என்று. நானும்தான். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து லொறியில் கணினிகள் வந்து இறங்கிய காலம். கொக்குவிலில் நான் வேலை பழகிய கடையில் ஐந்து கணினிகள், ஒரேயொரு 'நூறு கேம்' சீடி. உறை போட்டோகொப்பி. கரண்ட் போனதும் யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கும். பத்து நிமிடம்தான் தாங்கும். அதற்குள் அந்த வாள்காரனை முடித்துவிட வேண்டுமென்று பெடியள் போடும் சத்தம் றோட்டுக்குக் கேட்கும்.

கேள்வி: டொஸ்பொக்சில் ஒரு பழைய கார் ஓட்டக் கேம் ஓடுகிறது, ஆனால் கண்மண் தெரியாத வேகம். (கோண்டாவில் வாசகர்)

பதில்: அந்தக் காலத்துக் கேம்கள் சிலவற்றுக்கு மணிக்கூடு இல்லை. புரொசெசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் கேமும் ஓடும். பழைய பெட்டிகளில் 'டேர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கிறதா? பெயர்தான் டேர்போ. உண்மையில் இப்படியான கேமுக்காக வேகத்தைக் குறைக்கத்தான் அது உதவியது. டொஸ்பொக்சில் கன்ட்ரோலும் எஃப்11உம் சேர்த்து அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 என்றால் கூடும். லப்டொப் என்றால் எஃப்என் விசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டி வரலாம். ஜன்னலின் தலைப்பில் 'சைக்கிள்ஸ்' என்று ஓர் எண் தெரியும். 3000இல் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் டியூட்டரியில் இன்னும் விண்டோஸ் 7தான். 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' போட்டால் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் வருகிறது. மொனிட்டர் மாற்ற வேண்டுமா? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: தம்பி, மொனிட்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள். கரைச்சல் வேறு இடத்தில். 1999இல் வந்த அந்தக் கேம் 256 நிறங்களை மட்டும் ஒரு பட்டியலாக வைத்துப் படம் வரைகிறது. பின்னால் நிற்கும் டெஸ்க்டொப் அந்தப் பட்டியலில் கைவைத்து, தன் நிறங்களைப் புகுத்திவிடுகிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்து 'எக்ஸ்ப்ளோரர்' என்ற புரொசெசை நிறுத்துங்கள். டெஸ்க்டொப் மறைந்துபோகும், பதறாதீர்கள். டாஸ்க் மனேஜரிலேயே ஃபைல் மெனுவில் புது டாஸ்க் என்பதைத் தெரிந்து அங்கிருந்து கேமைத் தொடங்குங்கள். விளையாடி முடிந்ததும் அதே இடத்தில் 'எக்ஸ்ப்ளோரர்' என்று எழுதினால் எல்லாம் பழையபடி. டியூட்டரி நேரத்தில் பிள்ளைகள் முன்னால் செய்ய வேண்டாம், பிறகு அவர்களும் தொடங்கிவிடுவார்கள்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு இதே கேம் 'டைரக்ட்பிளே' (பழைய கேம்களை நெற்வேர்க்கில் சேர்ந்து விளையாட உதவும் விண்டோஸ் பாகம்) இல்லை என்று முறையிடும். அது விண்டோசுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல் பனலில் விண்டோஸ் ஃபீச்சர்சைக் கூட்டும் குறைக்கும் பட்டியலுக்குப் போய், 'லெகசி கொம்போனன்ட்ஸ்' என்பதன் கீழ் டைரக்ட்பிளேக்குச் சரி போடுங்கள்.

கேள்வி: ஒரிஜினல் சீடியாக 2003இல் கொழும்பில் வாங்கிய கேம். ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் அண்ணாவோடு விளையாட ஆசைப்பட்டேன். இன்ஸ்டோல் ஆகிறது, திறந்தால் ஒன்றும் நடக்கவில்லை. களவு சீடி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கு ஓடுகிறது! (மானிப்பாய் வாசகி)

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய உறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'சேஃப்டிஸ்க்' என்ற, கொப்பி பண்ண விடாத பூட்டுப் போட்ட சீடி. அந்தப் பூட்டு விண்டோசின் அடிமட்டத்தில் ஒரு டிரைவரை, அதாவது விண்டோசோடு ஒட்டி ஓடும் சிறு புரோகிராமை, வைத்து வேலை செய்தது. அதுவே கணினிக்குள் கள்ளன் புகும் ஓட்டையாக இருந்தபடியால், 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே வருடம் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட்டால் மைக்ரோசொஃப்ட் அதை நிறுத்தியது. பூட்டை உடைத்த களவுப் பிரதிக்கு அந்த டிரைவர் தேவையே இல்லை. காசு கொடுத்தவருக்குத்தான் தண்டனை. உங்கள் கோபம் நியாயமானது.

செய்யக்கூடியது: கேம் கம்பனியே பூட்டை எடுத்துவிட்டு வெளியிட்ட பட்ச் (திருத்த ஃபைல்) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் ஜிஓஜி, ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் அதே கேம் இருக்கிறதா பாருங்கள். ஜிஓஜியில் சீடிப் பூட்டு ஒன்றும் கிடையாது, கழிவு நாட்களில் மலிவாகவும் கிடைக்கும். அண்ணா கனடாவிலிருந்து வந்திருக்கிறார், அவரே வாங்கித் தரட்டுமே! 'கிராக்' என்று நெற்றில் கிடைப்பதை மட்டும் இறக்காதீர்கள். அதோடு வந்த வைரசைக் கழுவுவதே என் கடையில் கிழமைக்கு ஒரு வேலை.

கேள்வி: பழைய விண்டோஸ் 7 கணினியிலிருந்து கேம் ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணினேன். கேம் ஓடுகிறது, சேவ் பண்ணியவை மட்டும் இல்லை. (சாவகச்சேரி வாசகர்)

பதில்: பழைய கணினியை இன்னும் ஃபோர்மட் பண்ணவில்லைத்தானே? நல்லது, கை வைக்காதீர்கள். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் கண்டபடி எழுத விண்டோஸ் விடுவதில்லை. பழைய கேம் அங்கே சேவ் பண்ணப் போனால், அதற்குச் சொல்லாமலே வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் 'வேர்ச்சுவல்ஸ்டோர்'. ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொல்லிவிட்டுத் தேடுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்காவின் மகன் ஒரு நகரம் கட்டும் கேமில் ஆறு மாதமாகக் கட்டிய நகரத்தை நான் அழித்திருக்கிறேன். கேம் ஃபோல்டரைக் கவனமாக எடுத்து வைத்துவிட்டு, தைரியமாக ஃபோர்மட் பண்ணினேன். நகரம் வேர்ச்சுவல்ஸ்டோரில் இருந்திருக்கிறது. பெடியன் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது அவன் எஞ்சினியர், இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். அன்றிலிருந்து எந்தப் பழைய கேமையும் புரோகிராம் ஃபைல்சில் இன்ஸ்டோல் பண்ணுவதில்லை. சி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், எல்லாம் அதற்குள்.

கேள்வி: எக்ஸ்பியில் இருந்த பின்போல் ஏன் பிறகு வரவில்லை? (நல்லூர் வாசகர்)

பதில்: 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து, அதைத் தள்ளிவிடும் கம்பிக்குள்ளாலேயே புகுந்து கீழே விழுந்ததாம். வேறு கம்பனி எழுதிய கோட், பிழை எங்கே என்று மைக்ரோசொஃப்ட்காரருக்குப் பிடிபடவில்லை, விஸ்டாவில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் எக்ஸ்பியின் 32 பிட் பின்போல் இன்றும் ஓடும். பழைய எக்ஸ்பி ஹார்ட் டிஸ்க் இருந்தால், புரோகிராம் ஃபைல்சில் 'விண்டோஸ் என்டி' ஃபோல்டருக்குள் 'பின்போல்' ஃபோல்டர் இருக்கும். முழுதாக எடுத்து வந்து டபிள் கிளிக் பண்ணுங்கள். டிஸ்க்கைக் கழற்றத் தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாங்கோ, ஆனால் சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்குச் சனம் கூட.