வார்டில் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவு பார்ப்பதை எப்படி மேம்படுத்தலாம்?

கடலூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். என்னைக் கேட்டால், முதலில் மாற வேண்டியது நாம் கேஸ் ஷீட்டில் எழுதும் விதம்தான்.

சில வருடங்களுக்கு முன் நைட் டியூட்டியில் பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நிமோனியாவோடு இருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாலை 6 மணிக்கு 96 சதவீதம், இரவு 10 மணிக்கு 96, 2 மணிக்கும் 96. ஷீட்டைப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மாலையில் அது நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்து வந்த 96. இரவு 2 மணிக்கு, மாஸ்க் போட்டு 8 லிட்டரில் வந்த 96. எண் இறங்க இறங்க நாங்கள் ஆளாளுக்கு ஃப்ளோவைக் கூட்டியிருக்கிறோம், நான் உட்பட யாரும் எழுதவில்லை. அவர் மகள் ஓடி வந்து, "சிஸ்டர், அப்பாவால பேசவே முடியல, மூச்சு வாங்குது" என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. ஐசியூவுக்கு மாற்றினோம். பிழைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து லிட்டர் எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவதில்லை. இங்கிலாந்தில் பின்பற்றும் நியூஸ் 2 என்ற மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக் கூட நோயாளியின் நிலை மோசம் என்று பொருள்), ஒருவர் ஆக்சிஜனில் இருந்தாலே 2 மதிப்பெண் கூடிவிடும், அளவு 98 காட்டினாலும் சரி. நம் வார்டுகளுக்கும் அது தேவை.

அப்புறம், மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். எல்லாருக்கும் 20 என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் போக வேண்டும். பெரும்பாலும் சாச்சுரேஷன், அதாவது அந்த ஆக்சிஜன் அளவு, இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் கூடிவிடும். கட்டுவிரியன் கடித்து வருபவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும்: மூச்சுத் தசைகள் தளர்ந்துகொண்டே வரும், ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் எண் மட்டும் வெகுநேரம் நன்றாகவே காட்டும்.

பல வருடம் பீடி பிடித்து, விறகடுப்பு ஊதி நுரையீரல் கெட்டவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. டாக்டர் அதை ஷீட்டில் எழுதாவிட்டால், 90-ஐப் பார்த்துப் பயந்து புது சிஸ்டர் ஆக்சிஜனைக் கூட்டுவார், கார்பன் டை ஆக்சைடு ஏறி நோயாளி மயங்கிவிடக்கூடும். ரவுண்ட்ஸிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

விரலில் மாட்டி அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருவி விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, ஏசியில் சில்லிட்ட விரல், அதே கையில் பிபி கஃப், எல்லாம் எண்ணைக் கெடுக்கும். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணுவதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. நம் ஊர் நிறத்துக்கு இதை மறக்கவே கூடாது. எண் நன்றாக இருந்து ஆள் சரியில்லை என்றால் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களின் அளவைப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களும் இதைப் படித்தால், எண்ணோடு நிறுத்தாமல் "எத்தனை லிட்டர்ல சிஸ்டர், நேத்து எவ்வளவு?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.