இரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடும் 16 வயதுப் பையனை ஒருநாளும் விடாமல் விழுங்க வைப்பது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். அக்கா மகன், வயது 16, உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். ஏ.எல்.எல். வகை இரத்தப் புற்றுநோய். மதுரையில் படுக்கை சிகிச்சை முடிந்து, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் மெயின்டனன்ஸ் கட்டம் ஓடுகிறது. பையன் மாத்திரையை விழுங்காமல் கொல்லையில் எறிவது இப்போதுதான் தெரிந்தது. அக்கா அழுகிறார், அவன் அப்பா அடிக்கக் கை ஓங்குகிறார், தாய்மாமன் நீங்கள் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

முதல் வேலை, எறிந்த விஷயத்தை மருத்துவரிடம் சொல்வது. அடுத்த செக்கப் வரும் வரை தள்ளிப்போட வேண்டாம், நாளைக்கே போன் போடுங்கள். பையனைக் காட்டிக்கொடுப்பதற்காக இல்லை. தினசரி சாப்பிடும் மெர்காப்டோப்யூரின் அளவை ஒருமுறை எழுதிக்கொடுத்து விட்டுவிட மாட்டார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை, அதாவது கவுண்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்குவார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மொத்த வெள்ளை அணு 3,000, அதில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றிருந்தால், ஏ.என்.சி. எனப்படும் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1,200. பல சிகிச்சை முறைகளில் இந்த எண் 500க்கும் 1,500க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று பார்ப்பார்கள். பையன் விழுங்காவிட்டால் கவுண்ட் ஏறும். 'மருந்து பத்தவில்லை போல' என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு வீட்டில் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒழுங்காக விழுங்க வைத்தால், கூட்டிய அளவு முழுதாக உள்ளே போகும். கவுண்ட் அடிமட்டத்துக்கு இறங்கி, காய்ச்சலும் கிருமித்தொற்றுமாக மறுபடி வார்டில் படுக்க நேரும். எறிந்தது எத்தனை நாள் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'சில வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்ற ஒரு வரி போதும்.

ஒன்றிரண்டு நாள் விட்டால் என்ன ஆகிவிடும் என்று பையன் கேட்பான். அமெரிக்காவில் மாத்திரைப் புட்டியின் மூடியில் மின்னணுச் சில்லு வைத்து, எந்தெந்த நாள் திறக்கப்பட்டது என்று பதிவு செய்து பார்த்தார்கள். மாத்திரை எடுத்த நாட்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போன பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 30 நாளில் 2 நாள் விட்டால் 93 சதவீதம். அதாவது மாதத்துக்கு ஒரு நாள் தவறலாம், இரண்டாவது நாளுக்கு இடமில்லை. இந்தக் கணக்கைப் பையனிடமே போடச் சொல்லுங்கள். பதினாறு வயசுக்காரனுக்குப் புத்திமதியைவிட எண் சீக்கிரம் உறைக்கும்.

அவன் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: அடித்தால் எறியும் இடம் மாறும், வேறு எதுவும் மாறாது.

அடுத்து, அவனுக்கு என்ன நோய் என்று அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? 'ரத்தம் கம்மியா இருக்கு, இது சத்து மாத்திரை' என்று சொல்லி வளர்க்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. முடி முளைத்துவிட்டது, உடம்பில் வலி இல்லை, கிரிக்கெட் ஆடுகிறான். இந்த நிலையில் சத்து மாத்திரையை எதற்கு இரண்டு வருஷம் விழுங்க வேண்டும் என்று அவன் நினைப்பதில் தப்பே இல்லை. ஸ்கேனிலும் சோதனையிலும் தெரியாத அளவு செல்கள் மிச்சம் இருக்கலாம், அவற்றுக்குத்தான் இந்த மாத்திரை என்பதை அவனை எதிரில் வைத்தே மருத்துவர் சொல்லட்டும். விருந்தாளி வந்தால் மாத்திரை டப்பாவை ஒளிப்பதையும் நிறுத்த வேண்டும். ஒளித்த நாளில்தான் மறதி வருகிறது.

பிறகு ஏன் எறிந்தாய் என்று தனியாகக் கேளுங்கள். அப்பா அம்மாவிடம் சொல்லாததை மாமாவிடம் சொல்வான். குமட்டலா, மாத்திரைகளின் எண்ணிக்கையா, முகம் ஊதுவதா, வெறும் அலுப்பா என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம் மாறும்.

எண்ணிக்கை என்றால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுவது. உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ள பையனுக்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால் 30 மில்லிகிராம், 2.5 மில்லிகிராம் மாத்திரையில் 12 எண்ணம்! 10 மில்லிகிராம் மாத்திரையாக எழுதிக் கேட்டால் மூன்றோடு முடியும். ஆனால் மாற்றிய அன்றே பழைய அட்டைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். பழக்கதோஷத்தில் 10 மில்லிகிராமில் 12 விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தினமும் சாப்பிட்டுவிடுவதும் அதே ஆபத்துதான். காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டமிடுங்கள். எந்தக் கிழமை என்றால் என் ஓட்டு வெள்ளி இரவுக்கு. குமட்டலும் அசதியும் சனியோடு போய்விடும், ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு கெடாது. குமட்டல் அதிகமென்றால் அரை மணி நேரம் முன்னால் ஒன்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் ஊசி போடும் வாரத்தில் சில சிகிச்சை முறைகளில் வாய்வழி மெத்தோட்ரெக்சேட் கிடையாது. சீட்டைப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம்.

அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்றால் இன்னொன்று. வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் ஆசிடும் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்வதே ஃபோலேட்டைத் தடுத்துத்தான், ஃபோலிக் ஆசிட் அதன் ஒரு வடிவம். மருத்துவரைக் கேட்காமல் அதை விழுங்க வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். கடையில் வாங்கும் டானிக்குக்கும் இதே பேச்சு.

மெர்காப்டோப்யூரினில் சிக்கல் வேறு. 50 மில்லிகிராம் மாத்திரைதான் கைக்குக் கிடைப்பது. 75 தேவைப்பட்டால் ஒன்றரை, அல்லது ஒருநாள் ஒன்று மறுநாள் இரண்டு. ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதி என்று வைத்துக்கொண்டால் 31ஆம் தேதியும் 1ஆம் தேதியும் அடுத்தடுத்து ஒற்றையாக வந்து கணக்கு குழம்பும். கிழமைவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பொடித்துக் கொடுக்க வேண்டாம். உடைத்தே ஆக வேண்டுமென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொடவே கூடாது.

வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும், பால் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டை இன்னும் பல வீடுகளில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சாப்பாட்டோடு சாப்பிட்டவர்களுக்கு நோய் அதிகம் திரும்பவில்லை. ஒரே நேரத்தில் சாப்பிடுவதுதான் முக்கியம். உங்கள் மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேண்டாம், பள்ளி பஸ் பிடிக்கிற அவசரத்தில் விட்டுப்போகும். மறந்தது அன்றிரவே ஞாபகம் வந்தால் கொடுக்கலாம். மறுநாள் என்றால் விட்டதை விட்டதாகக் குறித்துக்கொள்ளுங்கள், இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்துவிட்டால் எத்தனை நிமிஷத்துக்குள் என்றால் திரும்பக் கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள்.

மாதத்தில் 5 நாள் ஸ்டீராய்டு இருந்தால் அது மட்டும் காலைச் சாப்பாட்டுக்குப் பின். இரவு தள்ளிப்போனால் தூக்கம் வராது. அந்த 5 நாளும் கோபம், அகோரப் பசி, முகத்தில் பரு எல்லாம் வரும். அந்த வாரத்தில் அவனோடு எதற்கும் வாக்குவாதம் வேண்டாம்.

இனி முக்கியமான இடம். 'மாத்திரை போட்டியா?' என்று கேட்பதால் ஒரு பலனும் இல்லை, 'ம்' என்ற பதில்தான் வரும். விழுங்குவதை ஒரு பெரியவர் கண்ணால் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வுக் குழுவினரே பிறகு செல்போன் குறுஞ்செய்தியையும் பெரியவர் பார்த்துக் கொடுப்பதையும் சேர்த்துச் சோதித்தார்கள். எல்லா வயதுக்கும் பெரிய மாற்றம் இல்லை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. வளர்ந்துவிட்டான், தானே பார்த்துக்கொள்வான் என்று மொத்தமாகக் கைகழுவும் வயதும் அதுதான்.

அதனால் படிப்படியாகக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு அறை டப்பாவை அவனே நிரப்பட்டும், அக்கா சீட்டை வைத்துச் சரிபார்க்கட்டும். மெத்தோட்ரெக்சேட் மட்டும் அந்த டப்பாவில் சேராமல் தனியாக இருக்கட்டும். இரவு யார் முன்னால் விழுங்குவது என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அம்மா நச்சரிப்பு என்றால் உங்களுக்கு வீடியோ கால் போடட்டும், அரை நிமிஷ வேலை. இரண்டு மூன்று மாதம் கவுண்ட் ஒரே சீராக வந்த பிறகு, தினமும் பார்ப்பதை விட்டுவிட்டு மாதக் கடைசியில் மிச்ச மாத்திரையை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். எண்ணிக்கை இடித்தால் சண்டை வேண்டாம், மறுபடி ஒரு படி கீழே வாருங்கள்.

மாத்திரை தீர 7 நாள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சின்ன ஊர் மெடிக்கலில் மெர்காப்டோப்யூரின் கேட்டவுடன் கிடைக்காது. பொங்கல், சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரைக்குள் போய் வருவதே ஒரு நாள் வேலை. கம்பெனி மாறி அட்டையின் நிறம் மாறினால் மில்லிகிராமை வாசித்த பிறகே டப்பாவில் போட வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ பைக் பெட்டியிலோ வைக்காதீர்கள். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் மாத்திரை அம்மா பையில் போகட்டும், லோடு வண்டிச் சாமானோடு வேண்டாம்.

மாலை போட்டு விரதம் இருக்க ஆசைப்பட்டால் இருக்கட்டும், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. கூட்டாளிகளோடு பீர் என்பது கண்டிப்பாகக் கூடாது. மெத்தோட்ரெக்சேட்டும் சாராயமும் சேர்ந்தால் ஈரல் போகும். நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது ஓடுகிறது என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது அம்மை போட்டால் வேப்பிலை கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இவனுக்குக் கொப்புளம் வரும் முன்பே, பக்கத்தில் இருந்தான் என்று தெரிந்த அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போகும். தடுக்கும் மருந்துக்கு நாள் கணக்கு உண்டு. 100.4 டிகிரி காய்ச்சலுக்கும் அப்படியே: பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல் உடனே வண்டி ஏறுங்கள். மெர்காப்டோப்யூரினை அன்று நிறுத்துவதா தொடர்வதா என்பதை அங்கே சொல்வார்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் தவறிய நாட்களைக் குறித்த காலண்டரையும் கையோடு எடுத்துப் போங்கள்.