ஒரே கரையின் பதினைந்து படங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான்கு வருடமாக பாம்பன், தனுஷ்கோடி, தேவிபட்டினம் கரைகளில் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைகிறேன். நாற்பது படங்கள் சேர்ந்துவிட்டன. ராமநாதபுரத்தில் ஒரு கூடம் எடுத்து எல்லாவற்றையும் மாட்டலாமா, இன்னும் சில வருடம் பொறுக்கலாமா? வரைந்த இடத்தில் சரியாக இருப்பவை வீட்டுக்குள் இருண்டு தெரிகின்றன. சட்டமிட்ட சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள் வேறு.

ம.

அன்புள்ள ம.,

பொறுக்க வேண்டாம். லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னரின் நீர்வண்ணப் படம் முதலில் இடம்பெற்றது 1790இல், அவருடைய 15 வயதில். அதே காலத்து நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிள் 1802இல் அங்கே முதல் படத்தை வைத்தார். முழு உறுப்பினரானது 1829இல்தான். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை 1819 முதல் 1825 வரை வைத்த ஆறு பெரிய படங்கள். ஆறுமே ஸ்டூர் என்ற ஒரே ஆற்றின் கரை, சில மைல் தூரத்துக்குள்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நாற்பது வேண்டாம், பதினைந்து போதும், அதுவும் ஒரே கரை. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை விட்டுவிடலாம் என்பேன். அதைப் பார்த்ததும் மனம் 1964 புயலுக்குப் போய்விடும், உங்கள் வண்ணத்தில் நிற்காது. தேவிபட்டினத்தின் ஆழமில்லாத கடல், கரையேற்றிய வத்தைப் படகு, ஒரு உடைமரம்: இவற்றையே விடியலில், உச்சியில், வாடைக்காற்றில், கச்சான் காற்றில் வரைந்து வரிசையாக மாட்டினால் பார்ப்பவர் ஒளியைப் பார்க்கத் தொடங்குவார்.

இருண்டு தெரிவதற்குக் காரணம் வெயில். தாளில் நேர்வெயில் விழுந்தால் கண் கூசும், கை தானாக அடர்த்தியாகப் பூசிவிடும். பலகையை நிழலில் வையுங்கள். கறுப்புக் குடை நல்லது. நீலத் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்தால் அந்த நீலம் தாளில் விழுந்து நிறத்தைக் குழப்பும்.

பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சை. கடல்நீரில் தூரிகை கழுவுகிறீர்களா? உப்பு தாளிலேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். சட்டத்தில் கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. படத்தைச் சுற்றி வைக்கும் அமிலமில்லாத மவுண்ட் அட்டையை இரட்டையாக வைத்தால் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பின்னால் பிளைவுட் வேண்டாம், அதே வகை அட்டை போடுங்கள். செலோடேப்பின் பசை மஞ்சளாகி ஊறிவிடும். படத்தின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமின்றி அலையலையாகிவிடும். மழைநாளில் சட்டமிட்டால் ஈரமும் உள்ளேயே அடைபடும். சட்டத்தின் பின்புறம் கீழ்மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும்.

மாட்டும்போது படத்தின் நடு, தரையிலிருந்து 150 செ.மீ. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். நீர்வண்ணத்துக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்ச அளவு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு), அதை ஒட்டியே விளக்கு போடுங்கள்.

விலையை அளவை வைத்துப் போடுங்கள்: அரைத்தாள் அளவுப் படங்கள் எல்லாம் ஒரே விலை. மனசுக்கு நெருக்கமான படத்துக்கு விலையை ஏற்றுவதைவிட, விற்பனைக்கு இல்லை என்று எழுதிவிடுவது நேர்மை.

அந்திவானத்துக்கு அலிசரின் கிரிம்சன் போட்டிருந்தால் அந்தப் படங்களை விற்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அந்தச் சிவப்பு வெளிறிவிடும். அதே வானத்தைக் குவினாக்ரிடோன் சிவப்பில் மறுபடி வரைந்து, அதை மாட்டுங்கள்.