காக்கையையும் எழுதுங்கள்: ஏரிப் பறவைகளை எண்ண விரும்பும் வாசகருக்கு

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பாரூர் ஏரி. சின்ன வயதில் பார்த்த அளவுக்கு இப்போது ஏரிக்குப் பறவைகள் வருவதில்லை என்று தோன்றுகிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் இதில் ஆர்வம். பொதுமக்களே பறவைகளை எண்ணி அனுப்பலாம், அது ஆராய்ச்சிக்கு உதவும் என்கிறார்கள். எங்களிடம் பைனாகுலரோ கேமராவோ கிடையாது, சாதாரண போன்தான். பாதிப் பறவைகளுக்குப் பெயரும் தெரியாது. நாங்கள் அனுப்புவதால் உண்மையிலேயே பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பயன் உண்டு. உங்களுக்குத் தோன்றுவது சரியாகவே இருக்கலாம். ஆனால் ‘தோன்றுகிறது’ என்பதை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் பேச முடியாது. ‘மூன்று வருடமாக தை மாதம் இதே மதகில் நின்று எண்ணினோம், இவ்வளவுதான் வந்தன’ என்றால் பேச முடியும்.

2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை அப்படி உருவானதுதான். 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த 3 கோடிக்கும் மேலான தகவல்களை வைத்து 942 இனங்களைப் பற்றி அதில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை, பறக்கும்போது நீலச் சிறகு பளிச்சென்று விரியுமே, அது நாடு முழுக்கக் குறைந்து வருகிறது என்று காட்டியது அந்த அறிக்கை. எங்கும் தென்படும் பறவைதானே என்று யாரும் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதையும் சலிக்காமல் எழுதிவைத்தவர்களால்தான் விஷயம் வெளியே வந்தது.

போனில் இ-பேர்ட் (eBird) என்ற, பறவைப் பட்டியல் அனுப்பும் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்து அனுப்பலாம். ஏரிக்கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மதகுப் பக்கம் நல்லது, கண்ணுக்கு விரிவாகத் தெரியும். காலை ஆறரை, ஏழு மணிக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு குறியுங்கள். கடைசியில் செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்று சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையும் அந்த ஒரு ‘ஆம்’-இல்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் அழகான பறவைகளை மட்டும் எழுதி காக்கை, மைனாவை விட்டுவிட்டால், பட்டியலில் காக்கை இல்லாததற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. வரவில்லையா, வந்தும் எழுதவில்லையா? எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அன்று அது உங்கள் கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவல். நூறு பட்டியல் போட்டு, பனங்காடை முதல் வருடம் நாற்பதிலும் அடுத்த வருடம் இருபதிலும் இருந்தால், அது ஆய்வாளருக்குக் கணக்கு.

ஒரு காலைப் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: நாமக்கோழி 43, முக்குளிப்பான் 6, நீர்க்காகம் 11, மடையான் 4, ஆள்காட்டி 2, கரிச்சான் 1, மைனா 5, காக்கை 9. நாற்பத்து மூன்றை எப்படி எண்ணுவது என்று மகள் கேட்பாள். முதலில் பத்தை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பத்தும் தண்ணீரில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். போச்சம்பள்ளிச் சந்தையில் ஆட்டுக் கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை உருப்படி என்று சொல்லிவிடுவார்களே, பத்து முறை போனால் அந்தக் கண் அவளுக்கும் வந்துவிடும்.

பெயர் தெரியாதது தடையே இல்லை. இன்ன கொக்கு என்று தெரியாவிட்டால் ‘கொக்கு வகை’ என்று பொதுவாகப் போடவும் செயலியில் இடமிருக்கிறது. ஊகித்து எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். மெர்லின் என்ற இன்னொரு செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். பழகுவதற்கு அருமையானது, ஆனால் அது தப்பாகவும் சொல்லும். மெர்லின் சொன்ன பறவையைக் கண்ணாலோ காதாலோ நீங்களே உறுதி செய்த பிறகு பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ‘பறவை குறைந்துவிட்டது’ என்ற முடிவுக்கு வருமுன் தண்ணீரைப் பாருங்கள். ஏரி நிரம்பியிருந்தால் நாமக்கோழியும் முக்குளிப்பானும் இருக்கும், ஓரத்துச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு நிற்க இடம் இருக்காது. தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போதுதான் நெடுங்கால் உள்ளான் இறங்கும். நல்ல மழை பெய்த வருடத்தில் உள்ளான் குறைந்தால் அது ஏரிக்கு வந்த கேடு அல்ல. அதனால் ஒவ்வொரு பட்டியலின் குறிப்புப் பகுதியிலும் ஒரு வரி எழுதுங்கள்: தண்ணீர் மதகின் எந்தப் படி வரை, சேறு தெரிகிறதா, ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறதா, மீன் பிடிக்கிறார்களா. இது உள்ளூர்க்காரர்களால் மட்டுமே எழுத முடிந்த வரி. வெளியூரிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவருக்கு அந்த ஏரியின் போன மாதம் தெரியாது.

ஊரே சேர்ந்து எண்ணும் நாட்களும் உண்டு. பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் கணக்கெடுப்பு. மகளின் பள்ளியை இதில் இழுத்துவிடலாம்.

தோப்பு இருக்கிறது என்றீர்கள், அதை விடாதீர்கள். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை துளிர், பூ, காய், பழம் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிய வேண்டும். மா, புளி எல்லாம் அதில் உண்டு. பூ முந்துகிறதா பிந்துகிறதா என்பது மாந்தோப்புக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவு தேதியோடு எங்கும் எழுதப்படாமலே போய்விடுகிறது. வண்ணத்துப்பூச்சி, ஓணான், பாம்பு ஆகியவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற செயலி. படம் எடுத்துப் போட்டால் மற்றவர்கள் பெயர் சொல்வார்கள். சாலையில் அடிபட்ட உயிரினத்தையும் ‘இறந்தது’ என்று குறித்து அதிலேயே பதியலாம். ஆனால் அதற்காக நாற்கர சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பாறைக்குன்றில் கொம்பன் ஆந்தை குஞ்சுகளோடு இருந்த இடத்தைப் படத்துடன் ஒரு குழுவில் பகிர்ந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏழு கேமராக்கள். ஆந்தை நாள் முழுக்கக் குஞ்சுகளிடம் வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால் கூடு, ஆந்தை, தேவாங்கு, நட்சத்திர ஆமை என்றால் இடத்தை மறைத்துத்தான் பதியுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் அதற்கு வசதி இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுக்கு அது தானாகவே இடத்தை மறைத்துவிடும், மற்றவற்றுக்கு நீங்கள்தான் செய்ய வேண்டும். அப்புறம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஆர்வத்தில் காட்டுக்குள் போய்விடாதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். அதிகாலையில் யானை நடமாட்டமும் இருக்கும்.

எண்ணியதெல்லாம் ஏரிக்கு எப்படிப் போய்ச் சேரும்? செயலியில் இருப்பது ஆய்வாளர்களுக்குப் போகும், ஊருக்கு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு வருடப் பட்டியலை ஒரே தாளில் எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் உயிரினங்களைக் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் எழுத வேண்டும். உங்கள் பட்டியலை அதில் சேர்க்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். நாளைக்குக் கரையை அகலப்படுத்தவோ நாணலை வெட்டவோ வேலை வந்தால், எந்த மாதத்தில் எது அங்கே தங்குகிறது என்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். டிசம்பரிலேயே வன அலுவலகத்தில் பெயர் கொடுத்துவையுங்கள். அனுபவமுள்ளவர்களோடு ஒரு காலை நின்றால் பல சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

வாரம் ஒரு முறை போனால் போதும், சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை. மகளுக்குத் தேர்வு வந்து இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனாலும் பரவாயில்லை, இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும். ஞாபகத்திலிருந்து எழுதி மட்டும் அதை நிரப்ப வேண்டாம்.