சந்தை, கூலி, குளத்து நீர்: பொருளியல் ஆய்வுகள் குறித்து நெல்லைச் சீமையிலிருந்து சில கேள்விகள்

பாவூர்சத்திரம் சந்தை முதல் ஸ்ரீவைகுண்டம் கடைமடை வரை பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், ஓர் ஆய்வின் முடிவோடு அது எங்கே நடந்தது, எதை எதனோடு ஒப்பிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். அந்த விவரம் இல்லாத முடிவை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க இயலாது.

கேள்வி (ஆலங்குளம் பக்கத்து விவசாயி): அண்ணாச்சி, போன வெள்ளாமையில் தக்காளி நல்ல விலைக்குப் போயிற்று. அதை நம்பி இந்த முறை கூடுதலாக ஒரு ஏக்கர் நட்டேன். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டுபடியாகாமல் பாதியைச் செடியிலேயே விட்டுவிட்டேன். வியாபாரிகள் பேசி வைத்துக்கொண்டு விலையை இறக்குகிறார்களா?

பதில்: வியாபாரிகள் கூடிப் பேசுவது உலகில் நடக்காத காரியம் அன்று. ஆனால் நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கத்துக்கு அப்படி ஒரு சதி தேவையே இல்லை. போன முறை விலையைப் பார்த்து நீங்கள் ஒரு ஏக்கர் கூட்டினீர்கள்; அதே விலையைப் பார்த்துக் கடையத்திலும் கீழப்பாவூரிலும் இன்னும் எத்தனையோ பேர் அதையே செய்திருப்பார்கள். நாற்று நட்டுக் காய் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் மற்றவர்கள் எவ்வளவு நட்டிருக்கிறார்கள் என்பது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை; எல்லாருடைய காயும் சந்தையில் வந்து இறங்கும் நாளில்தான் தெரிகிறது. விலை விழுந்ததும் அடுத்த முறை எல்லாரும் ஒருசேர விலகுவார்கள், விலை மறுபடி ஏறும். பொருளியலில் இதற்குச் சிலந்தி வலைத் தேற்றம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் நிக்கோலஸ் கால்டார், ஆண்டு 1934. அமெரிக்காவில் மொர்டெகாய் எசக்கியேல் 1938இல் அதை விரிவாக எழுதினார்.

விலை ஏன் இவ்வளவு ஆழமாக விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தக்காளி பாதி விலைக்குக் கிடைத்தாலும் ஒரு வீட்டில் இரண்டு மடங்கு சமைத்துவிட மாட்டார்கள். ஆகவே வரத்து கொஞ்சம் கூடினாலும் விலை வெகுவாகச் சரிந்தால்தான் சரக்கு தீரும். சேமித்து வைக்கக்கூடிய பொருளாக இருந்தால் மலிந்த காலத்தில் வாங்கி வைப்பவர் ஒருவர் இருப்பார். அவர் இலாபத்துக்காகச் செய்தாலும் விலையின் சரிவைத் தாங்கிப் பிடிக்கிறார். தக்காளிக்கு அந்த வசதி கிடையாது. புளியரை எல்லை வழியாகப் பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும் கேரளத் தேவை ஒரு பெரிய துணை. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் விலை ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்தே பலரும் நடுவதால், ஓணம் முடிந்த வாரத்தில் வலி இரட்டிப்பாகிறது.

என் தனிப்பட்ட கருத்து: நடவு நேரத்திலேயே எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் போடப்பட்டிருக்கிறது என்ற கணக்கை ஒன்றியவாரியாக வாராவாரம் வெளியிடுவது, விலை விழுந்த பிறகு கொடுக்கும் நிவாரணத்தை விட அதிகம் உதவும்.

கேள்வி (கடையநல்லூர், மென்பொருள் பணியில் இருப்பவர்): இதற்கு ஒரு செயலி செய்தால் போதாதா, ஐயா? எந்தச் சந்தையில் என்ன விலை என்று கைபேசியில் தெரிந்துவிட்டால் விவசாயி நல்ல விலை கிடைக்கும் இடத்துக்குக் கொண்டு போவாரே?

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்கு நேர் எதிரான இரண்டு ஆய்வு முடிவுகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விடை தெளிவாகும். முதலாவது நமக்கு அண்டையில், வட கேரளக் கடற்கரையில் நடந்தது. 1997க்கும் 2001க்கும் இடையே அங்கே கைபேசிச் சேவை பகுதி பகுதியாக வந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர் மத்தி மீன் விலையை அதற்கு முன்னும் பின்னும் தொடர்ந்து அளந்தார். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 படகுகள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டிவிட்டுப் போயின. அதே நாளில் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். கைபேசி வந்த பிறகு படகுக்காரர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போயிற்று. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது.

இரண்டாவது ஆய்வு மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் நடந்தது. மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸும் பார்ட் மின்டனும் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் விலையும் வானிலையும் கிடைக்கச் செய்து, அது கிடைக்காத விவசாயிகளுடன் ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான அதன் முடிவு என்னவென்றால், விவசாயி கைக்கு வந்த விலையில் சொல்லத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை.

படகு எந்தக் கரைக்கும் திரும்பலாம். நம் விவசாயியோ விதைக்கும் உரத்துக்கும் ஒரு கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருப்பார். சரக்கு அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். வாடகை வண்டியில் நாலு வீட்டுப் பெட்டி சேர்ந்து ஏறும்போது ஒருவர் மட்டும் வேறு சந்தைக்குத் திருப்பச் சொல்ல முடியாது. செயலி செய்யுங்கள், நல்லதுதான். அதோடு அறுவடைக்கு முன் கிடைக்கும் கூட்டுறவுக் கடனையும் பங்கு வண்டியையும் இணைத்தால்தான், விலை தெரிந்தவருக்கு அந்த விலையை நாடிப் போகும் வழியும் இருக்கும்.

கேள்வி (முக்கூடல், கல்லூரி மாணவி): என் அம்மா பீடி சுற்றுகிறார். புகையிலை மீது வரியைக் கூட்ட வேண்டும் என்று எங்கள் வகுப்பில் படிக்கிறோம். வரி கூடினால் வாரத்தில் வேலை நாள் குறையும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எது சரி, ஐயா?

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. புகை உயிரைக் குடிக்கிறது. விலை கூடினால், குறிப்பாக ஏழைகளிடமும் இளைஞரிடமும், பயன்பாடு குறைகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் வரியைச் சட்டம் யார் மீது போடுகிறது என்பதும் அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதும் வெவ்வேறு. விலகிப் போக வழியில்லாதவர் மேல்தான் சுமை அதிகமாக இறங்கும். புகைப்பவர் குறைத்துக்கொள்ளலாம், முதலாளி வேறு தொழிலில் பணம் போடலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் உங்கள் அம்மாவுக்கு அந்த வசதி இல்லை.

பீடிக்கடையில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொடுத்த இலை போதாவிட்டால் சொந்தக் காசில் வாங்கிச் சுற்ற வேண்டும். கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. எதிர்த்துப் பேசினால் அடுத்த வாரம் இலையும் தூளும் குறையும். வேலை கொடுக்கும் இடம் ஒன்றிரண்டே இருந்து, குழந்தையையும் வீட்டையும் விட்டுத் தொலைவுக்குப் போக முடியாத நிலையில், உழைப்பின் உண்மையான மதிப்பை விடக் கூலி தாழ்ந்து நிற்கும். ஜோன் ராபின்சன் 1933இல் இதை வாங்குவோர் முற்றுரிமை என்ற தலைப்பில் விளக்கினார்.

வரிக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ஒரு தீர்வை வசூலித்து, அதைப் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் செலவிட்டார்கள். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பீடிக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது, அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. தொழிலிலிருந்து வரும் வரி கூடியது. ஆனால் தொழிலாளிக்கென்றே சட்டப்படி ஒதுங்கிய பணம் பொதுக் கணக்கில் கலந்துவிட்டது. 2025இல் பீடி வரியை 18 விழுக்காடாகக் குறைக்க முடிவு செய்தபோது தொழிலாளர் நலனைக் காரணமாகச் சொன்னவர்கள் பலர். வரியைக் குறைத்து அவருக்கு உதவுவது சுற்றி வளைத்துப் போகும் பாதை என்பது என் உறுதியான எண்ணம். வரியை உயர்வாகவே வைத்து, அதில் ஒரு பங்கைச் சட்டப்படி இந்தப் பெண்களின் ஓய்வூதியத்துக்கும் வேறு தொழில் பயிற்சிக்கும் ஒதுக்குவதே நேர் வழி. 2021இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். முக்கூடலிலிருந்து ஒரு பெண் செலவில்லாமல் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்வர முடிந்தால், போகாமல் பீடி சுற்றுபவரின் கூலிப் பேச்சுக்கும் அது வலுச் சேர்க்கிறது.

கேள்வி (சேரன்மகாதேவி, நெல் விவசாயி): நூறு நாள் வேலை வந்ததிலிருந்து பிசானப் பருவ நெல் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. கூலியும் ஏறிவிட்டது. இதை ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வார்களா?

பதில்: கூலி ஏறியதை ஒத்துக்கொள்கிறார்கள். கிளெமான் இம்பெர்ட்டும் ஜான் பாப்பும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், திட்டம் முதலில் வந்த மாவட்டங்களைப் பின்னர் வந்த மாவட்டங்களோடு ஒப்பிட்டு, வேலை குறைந்த பருவத்தில் தனியார் கூலி ஏறியதையும், தனியாரிடம் கூலி வேலைக்குப் போனவர் ஓரளவு குறைந்ததையும் கண்டார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் அன்றைய ஆந்திரத்தில் 157 மண்டலங்களில் (நம் ஒன்றியம் போன்றவை), அடையாள அட்டை வழியாகக் கூலியை ஒழுங்காகக் கொடுக்கும் முறையை எங்கே முதலில் கொண்டுவருவது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்து அளந்தார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. அந்த உயர்வின் மிகப் பெரும்பகுதி திட்டத்துப் பணமாக வரவில்லை, வெளியே கிடைத்த கூலியாக வந்தது. வெளியே கூலி ஏறியபோதும் அங்கே வேலை குறையவில்லை.

முன் பதிலில் சொன்ன முற்றுரிமைதான் இதற்கும் விளக்கமாகப் பொருந்துகிறது. கூலி அதன் மதிப்பை விடத் தாழ்ந்து கிடந்த இடத்தில் அதை உயர்த்தினால் வேலை குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் சிரமத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. நெல் விலை உங்கள் கையில் இல்லாதபோது கூலி உயர்வு நேராக உங்களைத்தான் தாக்குகிறது. அதற்குத் தீர்வு நடவு வாரங்களில் திட்டப் பணிகளை நிறுத்தி வைப்பதிலும், கொள்முதல் நிலையத்தைப் பிசான அறுவடை தொடங்கும் நாளிலேயே திறப்பதிலும் இருக்கிறது.

கேள்வி (வள்ளியூர்): வளர்ச்சி 7, 8 விழுக்காடு என்கிறார்கள். எங்கள் பக்கம் அது கண்ணில் படவில்லையே?

பதில்: ஆண்டுக்கு 7 விழுக்காடு தொடர்ந்தால் பத்து ஆண்டில் உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் அந்தக் கணக்கு ஓரிடத்தில் உற்பத்தியான மதிப்பைச் சொல்லுகிறது. அது யார் வீட்டுக்குப் போனது என்று சொல்லுவதில்லை. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, உங்கள் பக்கம் முழுக்கக் காற்றாலைகள் சுழல்கின்றன. இவற்றின் மதிப்பு நம் மாவட்டக் கணக்கில் ஏறும். போட்ட முதலுக்கு ஏற்ற அளவில் ஆட்கள் தேவைப்படாத தொழில்கள் என்பதால் உள்ளூர்க் கூலியாக இறங்குவது சிறிது. மறுபுறம், சென்னையிலும் மும்பையிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அண்ணாச்சிமார் ஊருக்கு அனுப்பும் பணம் இந்த உற்பத்திக் கணக்கில் சேராது. ஊரில் எழும் மாடி வீடு அந்தப் பணத்தில்தான் எழுகிறது. ஆகவே உங்கள் ஊரை அறிய உற்பத்தியை விட்டுவிட்டு நுகர்வுச் செலவையும் கூலியையும் பாருங்கள்.

கேள்வி (ஸ்ரீவைகுண்டம் கடைமடை விவசாயி): மேலே உள்ளவர்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டால் எங்களுக்குக் கார் பருவ நெல் சாகுபடியே இல்லை. பொதுச் சொத்து என்றாலே இப்படித்தானா?

பதில்: அப்படித்தான் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார்: பொதுவில் உள்ளதை ஒவ்வொருவரும் இயன்ற மட்டும் எடுத்து அழித்துவிடுவார்கள், தனியாரோ அரசோ கையில் எடுத்தால்தான் பிழைக்கும் என்று. பல நாடுகளில் நீரையும் காட்டையும் ஊரார் தாமே விதி வகுத்துக் காத்து வந்ததை ஆராய்ந்து அதை மறுத்தவர் எலினோர் ஆஸ்ட்ரம்; 2009இல் பொருளியலுக்கான நோபல் பெற்ற முதல் பெண்மணி. எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியை அதற்குக் கட்டுப்படுபவர்களே வகுத்திருக்க வேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்க வேண்டும், தண்டனை சிறிதில் தொடங்க வேண்டும் என்று அவர் கண்டார். மடையில் நின்று முறை வைத்துத் தண்ணீர் விட்ட நீர்ப்பாய்ச்சிக்கு, அந்தப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களே அறுவடையில் நெல் அளந்த நம் வழக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் ஒழுங்காக நடக்காவிட்டால் நெல் குறையும்.

பிரணாப் பர்தன் தமிழ்நாட்டில் 48 பாசனச் சமூகங்களை ஆராய்ந்து 2000இல் எழுதியது உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. நில உடைமையில் ஏற்றத்தாழ்வு மிகுந்த இடங்களில் வாய்க்கால் பராமரிப்பில் ஒத்துழைப்பு குறைந்திருந்தது. விதியைப் பெரிய கைகள் வகுத்தன என்று நினைத்த விவசாயிகளுக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் ஆராய்ந்தவை சிறு ஆயக்கட்டுகள். தாமிரபரணியிலோ கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை முகம் பார்த்து அறியமாட்டார். இங்கே ஊர்க் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஒவ்வோர் அணைக்கட்டிலும் எவ்வளவு நீர் திரும்புகிறது என்ற அளவை அன்றாடம் எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்பதும், 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் கடைமடைக்கு உறுதியான இடம் கொடுப்பதும் வேண்டும்.

கேள்வி (எட்டயபுரம், பள்ளி ஆசிரியை): 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்த ஊர் எங்களுடையது. அதன் பயனைக் கண்ணால் காண்கிறோம். ஆய்வில் அது எப்படி நிறுவப்படுகிறது?

பதில்: அன்று திருநெல்வேலி மாவட்டமாக இருந்த உங்கள் ஊரில் தொடங்கியது, 2001இல் உச்ச நீதிமன்ற ஆணையால் நாடு முழுவதற்கும் சமைத்த உணவாக விரிந்தது. அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டீபன் டெர்கான் ஆகியோர் ஆந்திரக் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து, வறட்சியால் குன்றிய வளர்ச்சியைப் பள்ளி உணவு ஈடு செய்ததைக் காட்டினார்கள். 2021இல் வந்த மற்றோர் ஆய்வு, சிறுமியாகப் பள்ளியில் உணவு உண்டவர் தாயானபோது அவர் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருந்ததைக் கண்டது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சில பள்ளிகளிலும், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதியின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் என்று படிப்படியாக வந்ததால், முந்தியதையும் பிந்தியதையும் ஒப்பிட வழி இருக்கிறது. உங்கள் பள்ளியில் வருகைப் பதிவேட்டோடு உயரம், எடை அளக்கும் பதிவையும் ஒரே தராசில், ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் விடாமல் எடுத்து வையுங்கள். உணவு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் பழைய பதிவேடுகளை யாரும் கழித்துக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு அவைதான் மிகவும் வேண்டியவை.