ப்ரீஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஹாலோவீனுக்கு பேப்பர் மடிச்சு ஈஸியா என்ன செய்ய வைக்கலாம்?

பொண்ணோட ப்ரீஸ்கூல்ல ஹாலோவீன் (அக்டோபர் 31ல வர்ற பேய்ப் பண்டிகை) வாரம் யாராவது பேரண்ட் வந்து 20 நிமிஷம் கிராஃப்ட் பண்ணித் தரணும்னு கேட்டாங்க, சரின்னு சொல்லிட்டேன், எல்லாம் 3, 4 வயசுப் பிள்ளைங்க, பேப்பர் மடிக்கிற மாதிரி சுலபமா ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. அனேகமா நீங்க இங்க அமெரிக்கா வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது, உங்களுக்கே ஹாலோவீன் புதுசா இருக்கும், வீடியோ பார்த்துப் பார்த்துத் தலை சுத்திப் போயிருக்கும். நானும் நியூஜெர்சில இதே மாதிரி போய் உக்காந்தவன்தான், அதனால சொல்றேன்.

பூனை மூஞ்சி பண்ணுங்க. வேற எதையும் தேடாதீங்க.

கறுப்பு சதுரப் பேப்பரை ஒரு முனை மேல, ஒரு முனை கீழ வர்ற மாதிரி சாய்ச்சு வெச்சு, கீழ் முனையை மேல் முனையோட சேர்த்து மடிச்சா முக்கோணம் வந்துடும். மேல நிக்கிற கூர் முனையை ரெண்டு விரல் அளவு கீழ மடக்கணும். அப்புறம் இடது ஓரத்து முனை, வலது ஓரத்து முனை ரெண்டையும் மேல பார்த்து கொஞ்சம் சாய்வா தூக்கி மடிச்சா அதுதான் காது. திருப்பிப் போட்டா பூனை. அவ்வளவுதான், நாலே மடிப்பு. கண்ணு மீசை எல்லாம் வெள்ளை க்ரேயான்ல வரையச் சொல்லுங்க, கறுப்பு பேப்பர்ல சாதா ஸ்கெட்ச் பேனா எடுபடாது. ஆடற பிளாஸ்டிக் கண்ணு ஒட்டறாங்களே அதை மட்டும் கொண்டு போகாதீங்க, இந்த வயசுல வாயில போட்டுக்கிற பிள்ளைங்க இன்னும் இருக்கும், தொண்டையில மாட்டினா அவ்வளவுதான். வட்ட ஸ்டிக்கர் போதும்.

பேப்பர் விஷயம் ரொம்ப முக்கியம். கிராஃப்ட்னா உடனே எல்லாரும் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர் வாங்குவாங்க, அது தடியா சொரசொரன்னு இருக்கும், வெட்டி ஒட்டத்தான் லாயக்கு, மடிச்சா சின்னக் கைக்கு அழுந்தாது, கோடு போட்ட இடத்துல நார் பிரியும். பிரிண்டர்ல போடற மெல்லிசு பேப்பர்லயே கலர் கிடைக்குது, அதை வாங்குங்க. ஒரிகாமி (ஜப்பான்காரங்களோட பேப்பர் மடிக்கிற கலை) பேப்பர்னு கடையில இருக்கறது பெரும்பாலும் 15 செ.மீ. சதுரம், நல்ல பேப்பர்தான், ஆனா 3 வயசுக்கு சின்னது. இங்க லெட்டர் சைஸ் 8.5க்கு 11 இன்ச், அதுல சதுரம் வெட்டினா 8.5 இன்ச் கிடைக்கும், தாராளமா இருக்கும். மிச்சம் விழற 2.5 இன்ச் பட்டையைத் தூக்கிப் போட்றாதீங்க. அதை விசிறி மாதிரி முன்னும் பின்னுமா மடிச்சு நடுவுல அமுக்கிப் பிடிச்சு ஒரு சின்ன வட்டத்தை ஒட்டினா வௌவால் ரெக்கை வந்துடும். வேகமா முடிக்கிற பிள்ளைங்க சும்மா இருக்காம இருக்கறதுக்கு அது. நம்ம எல்லாருமே சின்ன வயசுல நோட்டுப் பேப்பர் கிழிச்சு விசிறி பண்ணினவங்கதானே, கத்திக்கப்பல் வரைக்கும் போனவங்களும் இருப்பீங்க, கையே ஞாபகம் வெச்சிருக்கும்.

இன்னும் சுலபமா வேணும்னா பூசணி. ஆரஞ்சு சதுரத்தோட நாலு மூலையையும் பின்பக்கமா கொஞ்சம் கொஞ்சம் மடிச்சா உருண்டை மாதிரி வந்துடும், மேல பச்சைத் துண்டு ஒண்ணு. 3 வயசு முடியாத பிள்ளையும் பண்ணிடும். பேயும் பண்ணலாம், வெள்ளைப் பேப்பரை மூலைக்கு மூலை மடிச்சுப் பிரிச்சா நடுவுல ஒரு கோடு விழும், ரெண்டு பக்கத்தையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டு வந்து, மேல் முனையை பின்னாடி மடக்கி, வால் முனையை லேசா ஒரு பக்கம் திருப்பி விட்டா பேய். ஆனா டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. மதக் காரணத்துக்காக ஹாலோவீன் கொண்டாடாத குடும்பங்கள் இங்க நிறைய உண்டு, சில ஸ்கூல்ல அதுக்காகவே ஃபால் ஃபெஸ்டிவல், அதாவது இலையுதிர் கால விழான்னு பேர் வெச்சு பேய் சூனியக்காரி எல்லாத்தையும் விட்டுடுவாங்க. பூனைக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இப்ப நான் இதுக்குப் பதில் எழுத உக்காந்ததுக்கு உண்மையான காரணத்துக்கு வர்றேன். எம் பொண்ணு கிளாஸ்ல நான் போய் இந்தப் பூனையைச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு பேப்பர்லயும் சேர வேண்டிய முனைங்கள்ல ஒரே கலர்ல ஒரு புள்ளி வெச்சுட்டுப் போயிருந்தேன், “புள்ளியும் புள்ளியும் தொட்டுக்கணும், அப்புறம் கட்டை விரலால தேய்க்கணும்”னு மட்டும் சொன்னேன், என் கையால ஒருத்தர் பேப்பரையும் தொடலை. ஒரு பையனுக்கு ஒரு காது மட்டும் வந்துச்சு, அவனுக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. இன்னொருத்தன் நிறுத்தாம மடிச்சுக்கிட்டே போயி கடைசியில கெட்டியா ஒரு சின்னக் கட்டி ஆக்கி, இது தூங்கற பூனைன்னுட்டான். எம் பொண்ணோடது ஒரு காது மேலயும் ஒரு காது பக்கவாட்டுலயும். அவ்வளவு சந்தோஷம் அதுங்களுக்கு.

மறுநாள் காலையில விடப் போனா சுவத்துல எல்லாப் பூனையும் வரிசையா ஒட்டியிருக்கு, எல்லாத்துக்கும் காது ஒரே அளவு. எம் பொண்ணு தேடித் தேடிப் பார்த்துட்டு “அப்பா, என் பூனை எங்க”ன்னு கேக்கறா. பின்னாடி பேர் எழுதி வெச்சிருந்ததால கண்டுபிடிச்சேன். யாரோ பிரிச்சு நேரா மறுபடி மடிச்சிருக்காங்க. பேப்பர்ல ஒரு தடவை விழுந்த மடிப்புக் கோடு போகாது இல்லையா, அவ கோணலா அழுத்தின கோடு புது மடிப்புக்குப் பக்கத்துலயே தெரியுது. காட்டினேன். அவ பார்த்துட்டு “இது என்னுது இல்ல”ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

டீச்சர்கிட்ட கேட்டேன். பேரண்ட்ஸ் எல்லாம் ஃபோட்டோ எடுப்பாங்க, சுவர் பார்க்க நல்லா இருக்கணும்னு உதவிக்கு இருக்கறவங்க சரி பண்ணினாங்களாம். கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா அந்த நாலு மடிப்பு மடிக்க ஒரு குழந்தை என்னென்ன பண்ணணும்னு பாருங்க, ஒரு கை பிடிச்சுக்கணும், இன்னொரு கை தூக்கிட்டு வரணும், கண்ணு ரெண்டு முனையையும் பார்க்கணும், அப்புறம் அழுத்தணும். அவ்வளவும் பண்ணி முடிச்சதை நாம பிரிச்சா அது எப்படி உதவி ஆகும்? இது புதுசா நான் கண்டுபிடிச்ச தத்துவம்னு நினைக்காதீங்க. ஜெர்மனில ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837ல சின்னப் பிள்ளைங்களுக்குன்னு பள்ளி ஆரம்பிச்சு, அதுக்கு கிண்டர்கார்டன்னு பேரும் வெச்சாரே, அவர் முறையில பேப்பர் மடிக்கிறது ஒரு பாடமாவே இருந்துச்சு. பிள்ளை தன் கையால செஞ்சு கத்துக்கணும்ங்கறதுக்குத்தான் அது.

நான் டீச்சர் இல்ல, ஒரிகாமி எக்ஸ்பர்ட்டும் இல்ல. கத்தரியும் பசையும் வந்தா அது ஒரிகாமியே இல்லன்னு யாராவது கமெண்ட்ல வருவாங்க, சரிங்க, இல்லதான், 3 வயசுப் பிள்ளைக்கு அந்தச் சட்டம் எதுக்கு? பேய்ப் பண்டிகைக்கு நம்ம பிள்ளைங்களை ஏன் அனுப்பறீங்கன்னு கேக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், அதே மாசம் எங்க வீட்டுல கொலுவும் வெச்சோம், ரெண்டும் ஒண்ணையொண்ணு கெடுக்கலை.

இன்னொரு விஷயமும் மனசுல இருக்கு, உங்க கேள்விக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லிடறேன். வாலண்டியர் வேணும்னு வர்ற மெயில் எல்லாம் அம்மாக்களுக்குத்தான் போகும். என் மனைவி மீட்டிங்ல இருக்கும்போது அவங்களுக்குப் போகும், அவங்க எனக்கு அனுப்புவாங்க, நான் போய் நின்னா “அம்மா வரலையா”ன்னு கேப்பாங்க. நான் H4ல இருக்கேன், அதாவது H-1B வேலை விசாவுல இருக்கறவங்களோட கணவன் மனைவிக்குக் கிடைக்கிற விசா. மனைவியோட க்ரீன் கார்டுக்கு அவங்க கம்பெனி போடற I-140 மனு அப்ரூவ் ஆனாத்தான் பெரும்பாலும் என்னை மாதிரி ஆளுங்க வேலை பெர்மிட்டுக்கே அப்ளை பண்ண முடியும், 2015லேர்ந்து அதுதான் ரூல். அது வரைக்கும் பொண்ணைப் பார்த்துக்கறேன், சமைக்கிறேன், நல்லாத்தான் பண்றேன். ஊர்லேர்ந்து ஃபோன் பண்ற சித்தப்பாவுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் “சும்மாதானே இருக்கே தம்பி”ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். 4 வயசுப் பிள்ளைங்க ஒரு கிளாஸையே உக்கார வெச்சு மடிக்க வெச்சுப் பார்க்கட்டும் அவர், அப்புறம் பேசுவோம்.

சரி, உங்க 20 நிமிஷத்துக்கு வர்றேன். சதுரம் வெட்டறது, புள்ளி வைக்கறது, பின்னாடி பேர் எழுதறது மூணையும் வீட்டுலயே முடிச்சுடுங்க. மடிப்பை மட்டும் முன்கூட்டி மடிச்சு எடுத்துட்டுப் போகாதீங்க, அப்புறம் பிள்ளைக்கு வேலையே இருக்காது. ஆளுக்கு ரெண்டு பேப்பர் கணக்குல கொண்டு போங்க, கிழியும். நீங்க செஞ்சு காட்டறது பெரிய பேப்பர்ல இருக்கட்டும், ஒவ்வொரு மடிப்புக்கும் எல்லாரும் முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. விரல்ல பலம் இல்லாத பிள்ளைக்கு ஐஸ் குச்சி ஒண்ணு கொடுத்தா அதால தேய்ச்சுக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட, பூனை எப்படி இருக்கோ அப்படியே ஒட்டச் சொல்லிட்டு வாங்க, சிரிச்சுக்கிட்டே சொன்னாப் போதும், தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

மிட்டாய் கொண்டு வரலாமான்னும் கேட்டிருந்தீங்க. வேண்டாம். அலர்ஜி உள்ள பிள்ளை கிளாஸுக்கு ஒண்ணாவது இருக்கும். ஹாலோவீன் அன்னிக்குப் பிள்ளைங்க வீடு வீடா மிட்டாய் கேட்டுப் போவாங்க இல்லையா, 2014லேர்ந்து இங்க அதுக்காகவே மயில் கழுத்துக் கலர்ல பூசணி வைக்கிற பழக்கம் நாடு முழுக்கப் பரவியிருக்கு, அந்தப் பூசணி இருக்கற வாசல்ல திங்கற சாமான் இல்லாத பொருளும் கிடைக்கும்னு அர்த்தம். நீங்க ஆளுக்கு நாலு கலர் பேப்பர் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துடுங்க, வீட்டுக்குப் போய் மறுபடி மடிக்கட்டும்.